ஹாக்விண்ட் ரெக்கார்டு வாங்கி 557 பவுண்டு தொலைத்த கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பழைய எல்.பி. ரெக்கார்டுகளுக்கு 310 பவுண்டு, தபால் செலவு 18, ஒரு போஸ்டருக்கு 160, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு 24, டர்ன்டேபிள் ஊசிக்கு 45. மொத்தம் 557. இது போக ஐந்து மாதம் தூக்கம் கெட்டது. வீட்டில் ஒருவருக்கும் முழுத் தொகையைச் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் ‘நூறு பவுண்டு இருக்கும்’ என்று மழுப்பினேன். பழைய ரெக்கார்டு வாங்குவதில் இத்தனை குழி இருக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதியாவது தப்பித்திருப்பேன். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஹாக்விண்ட் என்ற பெயரே பலருக்குப் புதிதாக இருக்கலாம். 1969இல் லண்டனின் லாட்ப்ரோக் குரோவ் பகுதியில் தொடங்கிய இங்கிலாந்து ராக் குழு. தெருவில் கிட்டார் வாசித்துக் காசு வாங்கிக்கொண்டிருந்த டேவ் பிராக் தொடங்கியது. ஸ்பேஸ் ராக் என்றால் பலரும் முதலில் சொல்லும் பெயர் இவர்களுடையதுதான். ஒரே கிட்டார் அடியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்வார்கள். அதன்மேல் நிக் டர்னரின் சாக்ஸபோன் அலறும், டிக் மிக் என்பவர் ஆடியோ ஜெனரேட்டரைத் திருகி ராக்கெட் கிளம்புகிற மாதிரி ஊளையிட வைப்பார். எங்கள் ஊர்த் திருவிழாவில் நள்ளிரவுக்கு மேல் பம்பைக்காரர்கள் ஒரே அடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாமி இறங்குகிற வரை விடமாட்டார்கள். முதல்முறை ஹாக்விண்ட் கேட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மனசை மயக்கத்தில் ஆழ்த்தும் இசையை சைகடெலிக் என்று இவர்கள் சொல்வது நமக்கு ஒன்றும் அந்நியம் இல்லை என்றுகூடத் தோன்றியது.

கேட்க வைத்தவர் என் அலுவலகத்துப் பெரியவர். 2006இல் லண்டனுக்குப் பக்கத்து ஊரான ஸ்லௌவில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் டீமில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், தலையில் முடி இல்லை, பேச்சு குறைவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹாக்விண்ட் பேச்சு வந்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். 1972 டிசம்பர் 30, லண்டன் பிரிக்ஸ்டன் சன்டவுன் அரங்கத்தில் ஹாக்விண்ட் கச்சேரி. இப்போது பிரிக்ஸ்டன் அகாடமி என்கிறார்களே, அதே கட்டடம். அவருக்கு அப்போது 17 வயது. மேடை முழுக்க வண்ண எண்ணெய்த் துளிகள் ஊர்கிற மாதிரி ஒளி, உடம்பெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு ஆடும் ஸ்டேசியா, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் விமானி வேடத்தில் வந்து கவிதை படிக்கும் ராபர்ட் கால்வர்ட், ஓரத்தில் பேஸ் கிட்டாரை இடி மாதிரி அடிக்கும் லெம்மி. அந்த இரவில் ஒலிப்பதிவும் நடந்தது. அதையும் அதே மாதம் லிவர்பூல் ஸ்டேடியத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியையும் சேர்த்துத்தான் ‘ஸ்பேஸ் ரிச்சுவல்’ என்ற இரட்டை எல்.பி. 1973 மே மாதம் வந்தது. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை போனது.

ஒரு சனிக்கிழமை என்னை லண்டன் போர்ட்டோபெல்லோ சாலைக்கு அழைத்துப் போனார். குழுவினர் சாப்பிட்ட மவுன்டன் கிரில் என்ற சாப்பாட்டுக் கடை இருந்த இடம், அவர்கள் காசு வாங்காமல் வாசித்த வெஸ்ட்வே மேம்பாலத்தின் அடி, எல்லாம் காட்டினார். 1970 வைட் தீவு இசை விழாவில் டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்காக வேலிக்கு வெளியே ஒரு கூடாரத்தில் வாசித்த குழு இது என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. நான் பிறந்தது 1977. லெம்மியைக் குழுவிலிருந்து நீக்கி அப்போதே இரண்டு வருடம் ஆகிவிட்டது. நான் பார்க்காத காலம், என் ஊரில் நடக்காத காலம். ஆனாலும் அவர் பேசப் பேச, எனக்கும் அங்கே எதையோ தொலைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் நான் பணத்தை எண்ணி வைத்தது ரெக்கார்டுக்கு என்று நினைத்தேன். உண்மையில் அந்த டிசம்பர் இரவில் பின்வரிசையிலாவது ஓர் இடம் கிடைக்குமா என்றுதான் அலைந்திருக்கிறேன்.

2021 பிப்ரவரி. ஊரடங்கு. பெரியவர் ஓய்வு பெற்று டெவன் பக்கம் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. நான் வீட்டிலிருந்தே வேலை. மாலையில் சீக்கிரமே இருட்டிவிடுகிறது. சேமிப்பில் கொஞ்சம் பணம், கையில் நிறைய நேரம். இணையத்தில் ஒருவர் மூன்று ஹாக்விண்ட் எல்.பி.களை ஒன்றாக விற்கப் போட்டிருந்தார்: 1971இன் ‘இன் சர்ச் ஆஃப் ஸ்பேஸ்’, 1972இன் ‘டோரெமி ஃபாசோல் லாட்டிடோ’, அப்புறம் ‘ஸ்பேஸ் ரிச்சுவல்’. ‘எல்லாம் முதல் பிரஸ்ஸிங், நல்ல நிலை’ என்று ஒரு வரி. முதல் பிரஸ்ஸிங் என்றால் ரெக்கார்டு முதலில் வெளிவந்தபோதே அச்சான பிரதி. மங்கலான இரண்டு படங்கள். செய்தி அனுப்பினேன். உடனே நீளமாகப் பதில் வந்தது. பிரிக்ஸ்டன் கச்சேரிக்குத் தானும் போயிருந்ததாகவும், அந்த மயக்கம் தெளியாமல் அடுத்த வாரமே கடைக்குப் போய் இந்த மூன்றையும் வாங்கியதாகவும் எழுதியிருந்தார். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவேளை பெரியவர் பக்கத்திலேயே நின்றிருப்பாரோ என்றெல்லாம் ஓடியது மனசு.

கச்சேரி 1972 டிசம்பரில். அந்தக் கச்சேரியின் பதிவு கடைக்கு வந்ததோ 1973 மே மாதம். அடுத்த வாரமே எப்படி வாங்க முடியும்? பெரியவர் சொல்லிச் சொல்லி இந்தத் தேதிகள் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்த நிமிடத்தில் உறைக்கவில்லை. விற்கிறவர் கதை சொன்னால், கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், அதில் வருகிற தேதிகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. எனக்கு 557 பவுண்டு மிஞ்சியிருக்கும்.

பணம் அனுப்புவதிலும் அதே கண்மூடித்தனம். ‘நாம் இருவரும் ரசிகர்கள், நடுவில் எதற்கு ஒரு தளத்துக்குக் கமிஷன், நேராக என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள்’ என்றார். போட்டேன். விற்பனைத் தளத்தின் வழியாகவே கட்டியிருந்தால், பொருள் சொன்னபடி இல்லை என்று புகார் செய்யவாவது ஓர் இடம் இருந்திருக்கும். கடைக்காரரிடம் நேராகக் கிரெடிட் கார்டில் வாங்கினால், ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் என்றால், இங்கே 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி கார்டு கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு. கணக்குக்குக் கணக்கு அனுப்பிய பணத்துக்கு அந்தக் காப்பு கிடையாது. பின்னால் என் வங்கியைக் கேட்டபோது மரியாதையாகக் கைவிரித்தார்கள்: பொருள் வந்துவிட்டது, சொன்ன மாதிரி இல்லை என்பது உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள வழக்கு என்றார்கள்.

பார்சல் வருவதற்குள் இன்னொரு செய்தி. ‘ஸ்பேஸ் ரிச்சுவல்’ சுற்றுப்பயணத்தின் அசல் போஸ்டர் ஒன்று இருக்கிறது, பார்னி பபிள்ஸ் கையெழுத்தோடு, உங்களுக்கு என்பதால் 160. பார்னி பபிள்ஸ்தான் ஹாக்விண்டின் உறைகளை வரைந்தவர். அந்த வெள்ளிக் கேடயங்களும் கிரகங்களும் இல்லாவிட்டால் இந்தக் குழுவுக்குப் பாதி முகமே இருந்திருக்காது. சரி, இதையும் விடுவானேன் என்று அனுப்பிவிட்டேன். ரெக்கார்டு இன்னும் கைக்கே வரவில்லை, அதற்குள் அதே ஆளுக்கு இரண்டாவது முறை பணம்! இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பதினோரு நாள் கழித்துப் பார்சல் வந்தது. பிரித்ததும் எதையும் சரிபார்க்கவில்லை. ‘ஸ்பேஸ் ரிச்சுவல்’ உறையை முழுசாக விரித்தால் ஆறு பட்டைகளாகத் தரை அளவுக்குப் போஸ்டர் மாதிரி விரியும். கூடத்தில் விரித்துப் போட்டு, பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பழைய அட்டையின் வாசனையை முகர்ந்துகொண்டே இருந்தேன். ஐம்பது வருடத்துப் புழுக்கமும் சிகரெட்டும் கலந்த வாசனை. அந்த ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விலை போடுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளுத்தது. ‘இன் சர்ச் ஆஃப் ஸ்பேஸ்’ அசல் உறை முன்பக்கம் வெட்டுருவமாக, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இரண்டு மடல்களாகத் திறக்கும். உள்ளே 24 பக்கத்தில் ‘ஹாக்லாக்’ என்ற விண்வெளி நாட்குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். கால்வர்ட் எழுதி பார்னி பபிள்ஸ் வடிவமைத்தது. எனக்கு வந்ததில் ஒரு மடல் கிழிந்து, உள்பக்கம் பிளாஸ்டிக் டேப்பால் ஒட்டியிருந்தது. நாட்குறிப்பு இல்லவே இல்லை. ரசிகர்கள் அந்த ரெக்கார்டைத் தேடி அலைவதில் பாதிக் காரணம் அந்தச் சின்னப் புத்தகம்தான். ஆகவே பழைய ரெக்கார்டு வாங்கும்போது ‘என்னென்ன உள்ளே இருக்கிறது’ என்று தனித்தனியாகக் கேளுங்கள்: உள்ளுறை, புத்தகம், போஸ்டர், எல்லாம். ‘டோரெமி’யின் முதல் பிரதிகளோடும் ஒரு போஸ்டர் வந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காததற்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட அவருக்கு வரவில்லை.

‘ஸ்பேஸ் ரிச்சுவல்’ உறை அசல். முதல் தட்டும் அசல். இரண்டாவது தட்டின் லேபிளில் எண் வேறு மாதிரி இருந்தது. பிரிட்டிஷ் பதிப்பின் எண் யுஏடி 60037/8. இதிலோ ‘யுஏ-எல்ஏ’ என்று தொடங்கியது. அது அமெரிக்கப் பதிப்பு. எங்கோ கிடைத்த ஒற்றைத் தட்டை இந்த உறையில் சொருகி ஜோடி சேர்த்திருக்கிறார். இந்த வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்று பின்னால்தான் தெரிந்தது. லேபிளை மட்டும் நம்பாமல், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வருகிற வழவழப்பான வளையத்தைப் பார்க்க வேண்டும். டெட் வாக்ஸ் என்பார்கள். அங்கே தட்டு எண்ணும், எந்தப் பக்கம், எத்தனையாவது வெட்டு என்பதும் சன்னமாகப் பொறித்திருக்கும். மொபைல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். எல்லாப் பக்கத்துக்கும் அந்தப் பொறிப்பின் படம் வேண்டும் என்று கேளுங்கள். ஒழுங்கான ஆள் அரை மணியில் எடுத்து அனுப்புவார். ‘வெளிச்சம் சரியில்லை’ என்கிறவரை அப்படியே விட்டுவிடலாம்.

‘நல்ல நிலை’ என்ற வார்த்தையும் என்னைக் கவிழ்த்தது. அவர் ஆங்கிலத்தில் ‘குட்’ என்றுதான் போட்டிருந்தார். ரெக்கார்டு உலகத்தில் குட் என்றால் கீழ்ப்படிகளில் ஒன்று. பிரிட்டனில் மின்ட், எக்ஸலன்ட், வெரி குட் என்று இறங்கி அப்புறம்தான் குட். கரகரப்பும் கீறலும் தாராளமாக இருக்கும் என்று பொருள். இங்கே மட்டும் அவர் பொய் சொல்லவில்லை! தவறாக மொழிபெயர்த்துக்கொண்டது நான். சிடியில் கால்வர்ட் பேசுகிற அமைதியான இடங்கள் எல்லாம் ரெக்கார்டில் கடலை வறுக்கிற சத்தமாக வந்தன. போதாக்குறைக்கு ஒரு கீறல் ஊசியையும் காவு வாங்கிவிட்டது. அதுதான் அந்த 45 பவுண்டு.

மிச்சம் ‘டோரெமி’. கறுப்பு அட்டையில் வெள்ளி அச்சு, யுஏஜி 29364, டெட் வாக்ஸ் பொறிப்பும் சரி. மூன்றில் முழுதும் அசலானது இது ஒன்றுதான். லேசாக வளைந்திருந்தது. ஊசி மேலும் கீழும் படகு மாதிரி ஆடினாலும் பாட்டு தடங்காமல் ஓடியது. “ஏங்க, நல்லாத்தானே பாடுது, விடுங்களேன்” என்றாள் மனைவி. நான் கேட்டேனா? இரண்டு கனத்த கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து, ஓவனைக் குறைந்த சூட்டில் போட்டு, மெதுவாக ஆறவிட்டால் தட்டையாகிவிடும் என்று எங்கோ கேட்டிருந்தேன். கண்ணாடி வாங்கினேன். ஓவனின் குமிழை 50இல் வைத்தேன். குமிழில் 50 என்று இருந்தால் உள்ளேயும் 50தான் இருக்கும் என்று நம்பினேன். வீட்டு ஓவன்கள் சூடேறும்போது குறியைத் தாண்டிப் போய்விட்டுத்தான் இறங்கும். எத்தனை டிகிரி போனதோ, பத்து நிமிடத்தில் மேல் கண்ணாடி நழுவிச் சாய்ந்திருந்தது. பதற்றத்தில் கையுறையோடு இழுத்தேன். தட்டு கம்பித் தட்டின் இடைவெளியில் அப்பளம் மாதிரித் தொய்ந்து, ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு நின்றது. 1972இல் அச்சாகி, எத்தனையோ வீடு மாறி, ஐம்பது வருடம் பிழைத்த தட்டு. என் சமையலறையில் பத்து நிமிடம் தாங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

அத்தோடு விட்டேனா, விற்றவருக்குக் கோபமாக எழுதிய கடிதத்தில் வளைந்த தட்டை நேராக்கப் போய் இப்படி ஆகிவிட்டது என்று நேர்மையாக அதையும் சேர்த்து எழுதினேன். அதுவரை மழுப்பிக்கொண்டிருந்தவருக்கு அது அல்வா. ‘பொருளை நீங்களே கெடுத்துவிட்டீர்கள், இனி எதையும் திரும்ப வாங்க முடியாது’ என்று நான்கே வரி. மூன்றில் ஒன்றைக் கெடுத்ததை வைத்து மற்ற இரண்டுக்கும் போஸ்டருக்கும் சேர்த்துக் கதவை அடைத்துவிட்டார். பொருளில் குறை தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். கழுவாதீர்கள், ஒட்டாதீர்கள், நேராக்காதீர்கள். பார்சல் பிரிப்பதிலிருந்தே படம் எடுத்து, அன்றைக்கே எழுத்தில் புகார் அனுப்பிவிட்டு, அப்படியே எடுத்து வையுங்கள்.

போஸ்டரையும் சொல்லிவிடுகிறேன். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அந்தக் காலத்து ஆஃப்செட் அச்சில் வண்ணங்கள் ஒழுங்கான புள்ளி வரிசையாக, சின்னப் பூ மாதிரி சேர்ந்து தெரியும். இதில் மை மணல் தூவின மாதிரி சிதறியிருந்தது. நம் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் வருவது அப்படித்தான் இருக்கும். கையெழுத்தோ இன்னும் பெரிய கூத்து. பார்னி பபிள்ஸ் என்பதே புனைபெயர். நிஜப் பெயர் காலின் ஃபுல்ச்சர். தன் வேலைகளில் பெயர் போடுவதையே பெரும்பாலும் தவிர்த்தவர், 1983இல் இறந்துவிட்டார். பெயரை மறைத்தே வாழ்ந்தவர் ஒரு போஸ்டரின் நடுவில் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றதை எப்படி நம்பினேன்? அப்படி ஒன்று இருந்தால் என் சுவரில் தொங்க வேண்டும் என்ற ஆசைதான்.

பிறகு மூன்று மாதம் சட்டம் படித்தேன். தனி ஆளிடம் வாங்கினால் கடைக்காரரிடம் வாங்கும்போது உள்ள பாதுகாப்பு பெரும்பாலும் கிடையாது. ஆனாலும் பொருள், விற்பவர் வர்ணித்தபடி இருக்க வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் தனியார் விற்பனைக்கும் பொருந்தும். ‘முதல் பிரஸ்ஸிங்’ என்று எழுதிவிட்டு வேறு தட்டைக் கொடுத்தால், சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போகலாம். போவதற்கு எதிராளியின் விலாசம் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு மொபைல் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும்தான். பார்சலில் அனுப்புநர் விலாசம் இருந்திருக்கலாம். அட்டைப் பெட்டியை முதல் நாளே குப்பையில் போட்டுவிட்டேன். பெட்டியை வைத்திருங்கள். மோசடிப் புகார் ஒன்று பதிவு செய்தேன், எண் கொடுத்தார்கள், அத்தோடு சரி. ஜூலையில் அவர் எண் அணைந்துவிட்டது. வருத்தத்தைவிட அப்பாடா என்றுதான் இருந்தது. தினமும் காலையில் எழுந்ததும் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை ஒழிந்தது.

ஆகஸ்டில் பெரியவர் லண்டன் வந்தவர், வீட்டுக்கும் வந்தார். மறைக்க நினைத்தேன், முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். 310, 160, ஓவன், எல்லாம். மனைவி டீ கொண்டுவந்தவள் அங்கேயே நின்று முழுத் தொகையையும் முதல்முறையாகக் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. “உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. என்னிடமும் அது இல்லை. 1978இல் வாடகை கட்டப் பணம் இல்லாமல் என் ஹாக்விண்ட் தட்டு மொத்தத்தையும் ஒரு பெட்டியில் போட்டு விற்றுவிட்டேன். அப்போது எல்லாரும் பங்க் என்ற புது ராக் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒன்பது பவுண்டுதான் கொடுத்தான்” என்றார். இத்தனை வருடமாக அவர் சிடியில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

‘ஸ்பேஸ் ரிச்சுவல்’ உறையைத் தரையில் விரித்தோம். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து உட்கார்ந்தார். சிடியைப் போட்டேன். ஒரு பாட்டு முடிந்து கூட்டம் ஆர்ப்பரிக்கிற இடத்தில் விரலை உயர்த்தி, “இதில் ஒரு சத்தம் என்னுடையது” என்றார். அது லிவர்பூலா பிரிக்ஸ்டனா என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும் முன் சமையலறைப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். தொய்ந்துபோன ‘டோரெமி’ கிண்ணம் மாதிரி இருந்ததால் மனைவி அதில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருந்தாள். நடுவில் ஓட்டை இருப்பதால் தோல் கீழே கொட்டுகிறது என்று ஒரு காகிதமும் விரித்திருந்தாள். வெங்காயத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி லேபிளைப் படித்தார். இரண்டாவது பக்கம். “கடைசிப் பாட்டு லெம்மியுடையது” என்றார். வெங்காயத்தை மறுபடி சரியாக நிரவி வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டார்.